டயாலிசிஸ் நோயாளிகளின் தெம்பை வினாத்தாள் வைத்து அளக்க முடியுமா? யோசனை சொல்லுங்கள்

#1 தேன்மொழி

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் டயாலிசிஸ் யூனிட்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வாரம் இரண்டு முறை வருகிறவர்கள். ஒரு முறைக்கு நாலு மணி நேரம். ஹீமோகுளோபின், பொட்டாசியம், பாஸ்பரஸ், ஆல்புமின், எடை, பி.பி. எல்லாவற்றுக்கும் ஃபைலில் இடம் இருக்கிறது. அவர்கள் எங்களிடம் அதிகம் சொல்வதோ "தெம்பே இல்ல சிஸ்டர்" என்பதைத்தான். அதை எழுத ஒரு கட்டம்கூட ஃபைலில் கிடையாது.

எங்கள் டாக்டர் சம்மதித்துவிட்டார். ஒரு வினாத்தாள் தயார் செய்து தொடர்ந்து கேட்கலாம் என்று இருக்கிறேன். தேடியதில் எஸ்.எஃப்-36 என்ற பெயர்தான் எல்லா இடத்திலும் வருகிறது. அதில் உள்ள தெம்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துச் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். டயாலிசிஸ் முடிந்து ஆட்டோ வரைக்கும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவர், "பெரும்பாலான நேரம் தெம்பா இருக்கேன்" என்று சொன்னார். நன்றாக நடமாடுகிற இன்னொருவர் "எப்பவுமே சோர்வுதான்" என்றார்.

இப்படி வரும் பதில்களை நம்பி ஏதாவது செய்யலாமா? எந்தக் கேள்வி, எப்போது, யார் கேட்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்கன்

நல்ல காரியம் தேன்மொழி. நான் பொதுச் சுகாதாரப் புள்ளியியலில் வேலை பார்க்கிறவன். முதலில் அந்த வினாத்தாள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

எஸ்.எஃப்-36 அமெரிக்காவில் ராண்ட் நிறுவனம் நடத்திய பெரிய மருத்துவ ஆய்வு ஒன்றிலிருந்து வந்தது. 1992-இல் வேர், ஷெர்போர்ன் இருவரும் அதை வெளியிட்டார்கள். 36 கேள்விகளில் நாலு மட்டும் தெம்பு பற்றியவை. இரண்டு உற்சாகம், சக்தி பற்றி. இரண்டு களைப்பு, அசதி பற்றி. "கடந்த நாலு வாரத்தில் எவ்வளவு நேரம் இப்படி உணர்ந்தீர்கள்" என்று கேட்பார்கள். 'எப்போதும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை முதல் வடிவத்தில் ஆறு விடைகள். ஒவ்வொரு விடைக்கும் 0, 20, 40, 60, 80, 100 என்று மதிப்பு. களைப்புக் கேள்விகளை மட்டும் திருப்பிப் போட்டு, நாலையும் சராசரி எடுத்தால் 0 முதல் 100 வரை ஒரு எண் வரும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒருவர் நாலு கேள்வியில் ஒன்றில் மட்டும் ஒரு கட்டம் தள்ளி டிக் போட்டால் மொத்த மதிப்பெண் 5 மாறும். ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் 5 புள்ளி மாற்றத்தையே பொருட்படுத்தத்தக்க முன்னேற்றமாக எடுத்துக்கொள்வார்கள். நூற்றுக்கணக்கானவர்களின் சராசரியில் 5 கூடியது என்றால் அதில் ஏதோ இருக்கிறது. உங்கள் யூனிட்டில் ஒரு தனி மனிதருக்கு 55 என்பது 60 ஆனால், அன்றைக்குக் காலையில் அவர் நல்ல காபி குடித்திருந்தார் என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது.

அதனால் எண்ணே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஹீமோடயாலிசிஸ் நோயாளிகள் பத்தாயிரம் பேருக்கு மேல் பல நாடுகளில் பின்தொடர்ந்த டாப்ஸ் ஆய்வில், இதே வினாத்தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், அதிகமாக இறந்தார்கள். 2003-இல் வந்த முடிவு அது. வாயால் சொன்ன பதில், ரத்தப் பரிசோதனை சொல்லாத எதையோ சொல்கிறது. மதிக்க வேண்டிய தகவல் அது.

#3 வியாழன்_ஷிஃப்ட்

நான் டயாலிசிஸ் பண்ணிக்கிறவன். திங்கள், வியாழன். இங்க பேசுறவங்க எல்லாரும் மெஷினுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவங்க, நான் இந்தப் பக்கம் படுத்திருக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

நாலு வாரத்தைச் சேர்த்து ஒரு பதில் சொல்லுன்னா என்ன சொல்றது? திங்கட்கிழமை மெஷின்ல இருந்து எழுந்தா தலை கிர்ருன்னு இருக்கும். வீட்டுக்குப் போய் ரசம் சாதம் ரெண்டு வாய் சாப்பிட்டுப் படுத்தா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் யாரும் எழுப்பக் கூடாது. செவ்வாய்க்கிழமை நான் ராஜா. கடைக்குப் போவேன், கணக்கு எழுதுவேன், பேரனை ஸ்கூல்ல விடுவேன். புதன் ராத்திரி கால் கனக்கும். வியாழன் மறுபடி அதே கதை. வெள்ளி நல்லா இருக்கும், சனி பரவாயில்ல, ஞாயித்துக்கிழமை ராத்திரி படுத்தா மூச்சு வாங்கும், ரெண்டு தலையணை வைக்கணும். இதுல எந்த நாளை நான் உங்களுக்கு 'தெம்பு'ன்னு சொல்லட்டும்? என்கிட்ட கேட்டா, கேக்குற அன்னிக்கு எப்படி இருக்கேனோ அதையே நாலு வாரத்துக்கும் சொல்லிடுவேன். பொய் இல்ல. ஞாபகம் அப்படித்தான் வேலை செய்யுது.

அடுத்தது, ஏன் "நல்லா இருக்கேன்"னு சொல்றோம். சிஸ்டர் கோவிச்சுக்காதீங்க. எடை மெஷின்ல ஏறினதுமே "மூணரை கிலோ ஏறிருக்கு, தண்ணி குடிச்சீங்களா"ன்னு கேள்வி வரும். உடம்பு முடியலன்னு சொன்னா, அதுக்குக் காரணம் நாம செஞ்ச தப்புதான்னு திரும்பி வரும். இல்லைன்னா அட்மிஷன் போடுன்னுவாங்க, அது ஒரு செலவு, வீட்டுல ஒருத்தர் வேலைக்கு லீவு. அதனால "நல்லா இருக்கேன் சிஸ்டர்"னு சொல்லிட்டு ஊசி போடக் கையை நீட்டிடுவோம். ஆட்டோ வரைக்கும் தாங்கிப் பிடிச்சுக் கூட்டிப்போறதா நீங்க சொன்னவரும் அப்படித்தான் சொல்லிருப்பாரு.

#4 உளவியல்_மாணவி

வியாழன் சார் சொன்ன முதல் விஷயத்துக்கு ஆய்வு ஆதாரம் நிறைய இருக்கு. நீண்ட காலத்தைப் பற்றிக் கேட்டா, மனுஷங்க நினைவிலிருந்து எடுத்துச் சொல்றதைவிட 'நான் பொதுவா எப்படிப்பட்ட ஆள்' என்ற நம்பிக்கையிலிருந்து பதில் சொல்ல ஆரம்பிக்கிறாங்க. ராபின்சன், க்ளோர் 2002-இல் இதைப் பற்றி எழுதினாங்க. 'இப்போது எப்படி' என்ற கேள்விக்கும் 'கடந்த மாதம் எப்படி' என்ற கேள்விக்கும் வரும் பதில்கள் வேறு வேறு இடத்திலிருந்து வருது. அதனாலதான் 1970களிலேயே சிக்சென்ட்மிஹாய் குழு, கையில் பேஜர் கொடுத்து, அது ஒலிக்கும்போது அந்த நிமிஷம் எப்படி இருக்குன்னு எழுதச் சொன்னாங்க.

டயாலிசிஸ் நோயாளிகளிடமே இது நடந்திருக்கு. 2005-இல் ரீஸ், லோவென்ஸ்டைன், உபெல் முதலியோர் 49 டயாலிசிஸ் நோயாளிகளையும் அவர்களோடு வயது முதலியவற்றில் ஒத்த 49 ஆரோக்கியமானவர்களையும் எடுத்து, ஒரு வாரம் கையடக்கக் கணினியைக் கொடுத்து நாள் முழுக்க அவ்வப்போது மனநிலையைக் கேட்டாங்க. இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆரோக்கியமானவங்க, "எனக்கு டயாலிசிஸ் வந்தா ரொம்ப வருத்தமா இருப்பேன்"னு நினைச்சாங்க. நோயாளிகளும், "எனக்கு இந்த நோயே வராம இருந்திருந்தா இதைவிட ரொம்ப சந்தோஷமா இருந்திருப்பேன்"னு நினைச்சாங்க. ரெண்டுமே கணிப்பு தவறு.

இன்னொன்று அக்கா. தெம்பும் சோர்வும் எப்பவும் ஒரே கோட்டின் இரண்டு முனைகள்னு எடுத்துக்க முடியாது. தெம்பையும் மத்த உணர்வுகளோட கலக்காம அளக்கணும். ராபர்ட் தேயர் என்பவர் தெம்பையும் பதற்றத்தையும் தனித்தனி அச்சுகளா அளந்தார். 1987-இல் அவர் நடத்தின பரிசோதனையில் பத்து நிமிஷம் வேகமா நடந்தவங்களுக்குத் தெம்பு கூடிச்சு. இனிப்பு சாப்பிட்டவங்களுக்குக் கொஞ்ச நேரத்துக்கப்புறம் பதற்றம் கூடிச்சு. 1997-இல் ரையன், ஃப்ரெடெரிக் ஏழு கேள்வி கொண்ட உயிர்ப்புணர்வு அளவுகோல் ஒன்று கொண்டுவந்தாங்க. 1 முதல் 7 வரை மதிப்பெண். "ஒவ்வொரு புது நாளையும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்" என்ற மாதிரி கேள்விகள். களைப்பு இல்லைன்னு தெரிஞ்சுக்கிறதைவிட உயிர்ப்பு இருக்கான்னு கேக்குறது முக்கியம்னு நான் நினைக்கிறேன். அதையும் உங்க தாளில் சேருங்க.

#5 வியாழன்_ஷிஃப்ட்

தங்கச்சி, நீங்க சொன்ன 49 பேர் ஆய்வு கேட்டது மனநிலையைத்தானே? என் மனசு நல்லாத்தான் இருக்கு. பேரன் கூட உக்காந்து கிரிக்கெட் பாக்குறேன், சிரிக்கிறேன். ஆனா அந்த ஒரு மணி நேரம் சிரிச்சுட்டு எழுந்து பாத்ரூம் போகச் சுவரைப் பிடிக்கிறேன். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. சந்தோஷமா இருக்கார், அதனால தெம்பா இருக்கார்னு யாரும் எழுதிடக் கூடாது.

ஆனா தெம்பும் களைப்பும் வேற வேறன்னு நீங்க சொல்றது சரி. பொண்ணு காலேஜ் அட்மிஷனுக்கு டயாலிசிஸ் முடிச்ச மறுநாள் காலைல பஸ் ஏறி மதுரை போனேன். உடம்பெல்லாம் வலி, ஆனா அன்னிக்கு இருந்த உற்சாகம் எனக்கு வருஷத்துல ஒரு தடவை வர்றது.

#6 குறுஞ்செயலி

எல்லாரும் ஏன் கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்க? ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டா எத்தனை அடி நடந்தார், எவ்வளவு நேரம் தூங்கினார், இதயத் துடிப்பு என்ன எல்லாம் வந்துடுமே. பொய் சொல்ல முடியாது, மறக்கவும் முடியாது.

#7 ஊர்_டாக்டர்

வாட்ச் கட்டறதா இருந்தா ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம்) இல்லாத கையில் கட்டுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையை இறுக்குகிற எதையும் போடக் கூடாது.

அடிக்கணக்கு உபயோகமானதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒருவர் எவ்வளவு செய்தார் என்பதைச் சொல்லும். அதைச் செய்ய அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பதைச் சொல்லாது. கூலி வேலைக்குப் போயே ஆக வேண்டியவர் நாளைக்கு எட்டாயிரம் அடி நடப்பார், ஒவ்வொரு அடியும் பாரமாக. வசதியானவர் உற்சாகமாக வீட்டிலேயே இருப்பார். தெம்பு என்பது உள்ளே இருப்பவருக்கு மட்டும் தெரிகிற விஷயம். வேறு யாரும் அதைப் பார்த்ததில்லை. அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், என் துறை அதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. சிறுநீரக நோயில் ரத்தசோகைக்கு எரித்ரோபாய்டின் ஊசி வந்த காலத்தில், ஹீமோகுளோபினை ஏற்ற ஏற்ற தெம்பு கூடும் என்ற நம்பிக்கை பரவியது. நோயாளிகளும் அப்படித்தான் சொன்னார்கள். ஊசி போட்டதும் அது போடப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். 2009-இல் ட்ரீட் ஆய்வு வந்தது. சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் உள்ள, டயாலிசிஸுக்கு வராத 4,038 பேர். ஒரு பாதிக்கு அதே வகை மருந்தான டார்பிபொய்ட்டின் ஊசி, மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று தெரியாது. களைப்பு வினாத்தாளில், 0 முதல் 52 வரை உள்ள அளவில், மருந்து பெற்றவர்கள் 4.2 புள்ளி தேறினார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் 2.8 தேறினார்கள். ஆக மருந்து தந்த தெம்பு 1.4 புள்ளி. அதே ஆய்வில் மருந்துக் குழுவில் 101 பேருக்குப் பக்கவாதம். வெற்று ஊசிக் குழுவில் 53 பேருக்கு.

வெற்று ஊசிக்கு 2.8 ஏறியதைப் பாருங்கள். அந்த நோயாளிகள் பொய் சொல்லவில்லை. யாரோ அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்பதாலும், மிக மோசமாக இருந்த சமயத்தில் சேர்ந்தவர்கள் தானாகவே கொஞ்சம் தேறுவதாலும் மதிப்பெண் ஏறும். தேன்மொழி, நீங்கள் ஏதாவது மாற்றம் செய்து அடுத்த மாதம் மதிப்பெண் ஏறினால், உடனே அந்த மாற்றத்துக்குப் பட்டம் கட்டிவிடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் பி.எச்.க்யூ-9 தாளில் நாலாவது கேள்வியே களைப்பு பற்றியதுதான். தூக்கம், பசி பற்றிய கேள்விகளும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு இவை மூன்றும் சிறுநீரகத்தாலேயே கெடும். எண்ணைக் கூட்டிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதுகிற பழக்கம் வந்துவிடக் கூடாது. எதிர்ப்பக்கமும் உண்டு: உண்மையிலேயே மனச்சோர்வில் இருப்பவரை "டயாலிசிஸ்னா அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். இதுதான் அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம்.

#8 வன்னிக்காற்று

வணக்கம் தேன்மொழி. நான் இலங்கையில வன்னிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில தாதியா இருக்கிறன். எங்களுக்குத் தெற்கால, வடமத்திய மாகாணத்தில, காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளுக்கு 1990களில இருந்து பரவி வாறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பக்கத்துச் சனமும் எங்களிட்ட வருவினம்.

நான் கண்டது ஒண்டு. கேள்வி கேக்கேக்க பக்கத்தில ஆர் நிக்கினம் எண்டதில எல்லாம் இருக்கு. மனுசி நிண்டா, "உசாராத்தான் இருக்கிறன்" எண்டு சொல்லுவார். மனுசி தேத்தண்ணி வாங்கப் போனாப் பிறகு, "பிள்ளை, வயலுக்கு இறங்கி ஒரு வரம்பு ஏறேலாமக் கிடக்கு" எண்டுவார். சில இடத்தில கூட வந்த ஆளே பதில் சொல்லிப்போடும், நாங்களும் அதையே எழுதிப்போடுவம். அது நோயாளியின்ர பதில் இல்லை, பாக்கிற ஆளின்ர பதில். ரெண்டையும் ஒரே தாளில கலக்காதேங்கோ.

பொம்பிளையளிட்ட இன்னும் கவனமாக் கேளுங்கோ. அவையள் களைப்பு எண்டு சொல்லவே மாட்டினம்.

#9 கணக்கன்

வன்னிக்காற்று கடைசியில் சொன்ன வரி ரொம்பப் பெரிய விஷயம். இதைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும்.

வங்கப் பஞ்சம் முடிந்த மறு ஆண்டு, 1944-இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் அகில இந்திய சுகாதார நிறுவனம் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மனைவியை இழந்த ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தங்கள் உடல்நிலை மோசம் அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். அந்தக் காலத்து வங்கத்தில் ஒரு விதவையின் நிலை என்ன என்று நமக்குத் தெரியும். உடம்பு நன்றாக இருந்ததால் அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அமர்த்தியா சென் இதைப் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கேரளத்தையும் பீகாரையும் ஒப்பிட்டு எழுதினார்: இந்தியாவிலேயே நீண்ட ஆயுள் கொண்ட கேரளத்தார்தான் அதிகமாக நோய் சொன்னார்கள். ஆயுள் குறைந்த பீகாரில் நோய் சொன்னவர்கள் குறைவு.

ஆகவே தேன்மொழி, ஒருவரின் 40-ஐயும் இன்னொருவரின் 70-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். முதல் பதிவில் நீங்கள் குழம்பிய இரண்டு பேரும் வேறு வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அவரவர் சென்ற மாதப் பதிலோடு இந்த மாதப் பதிலை ஒப்பிடுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நோயோடு வாழ வாழ மனிதன் தன் அளவுகோலையே நகர்த்திக்கொள்கிறான். முன்பு அரை நாள் படுத்திருந்தால் 'மோசம்' என்றவர், இரண்டு வருஷம் கழித்து அதையே 'வழக்கம்போல' என்பார். ஸ்ப்ராங்கர்ஸ், ஷ்வார்ட்ஸ் இருவரும் 1999-இல் இதை விரிவாக எழுதினார்கள். இதற்கு முழு மருந்து கிடையாது. ஆனால் உணர்வை மட்டும் கேட்காமல், அதோடு நடந்த காரியம் ஒன்றையும் சேர்த்துக் கேட்டால் அளவுகோல் நகர்வது ஓரளவு பிடிபடும்.

அதற்கு ஏற்ற கேள்வி டயாலிசிஸ் துறையிலேயே இருக்கிறது. கனடாவில் லிண்ட்சே குழு 2006-இல் வெளியிட்டது, ஒரே கேள்வி: "ஒரு முறை டயாலிசிஸ் முடிந்தபின் தேறி வர உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?" அவ்வளவுதான். நாலு வாரத்தைச் சராசரி போடச் சொல்லவில்லை, 'பெரும்பாலும்', 'சில சமயம்' என்ற சொற்களும் இல்லை. 2014-இல் டாப்ஸ் ஆய்வில் 12 நாடுகளில் 6,040 பேரிடம் இதைக் கேட்டார்கள். 2 மணி நேரத்துக்குள் தேறியவர்கள் 32 சதவீதம், 2 முதல் 6 மணி 41, 7 முதல் 12 மணி 17, அதற்கும் மேல் 10 சதவீதம். நேரம் நீள நீள ஆஸ்பத்திரி சேர்க்கையும் இறப்பும் கூடின. அதில் இந்தியா இல்லை. வாரம் இரண்டு முறை வரும் நம்மவர்களுக்கு இதே விகிதம் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

விடைக் கட்டங்களை அச்சடிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1985-இல் ஜெர்மனியில் ஷ்வார்ஸ் குழு ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் டி.வி. பார்க்கிறீர்கள் என்று இரண்டு வகைத் தாளில் கேட்டது. கட்டங்கள் அரை மணியில் தொடங்கிய தாளில், இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.2 சதவீதம். கட்டங்களே இரண்டரை மணியில் தொடங்கிய தாளில் 37.5 சதவீதம். 'நடுவில் இருப்பதுதான் வழக்கம் போல' என்று எண்ணி மக்கள் நடுக் கட்டத்தைத் தேடுவார்கள். அதனால் நீங்கள் கட்டமே போடாதீர்கள். அவர் சொல்லும் நேரத்தை அப்படியே எழுதுங்கள்.

#10 வியாழன்_ஷிஃப்ட்

இந்தக் கேள்விக்கு நான் மனசாரப் பதில் சொல்வேன். "அன்னிக்கு எத்தனை மணிக்குத் தேறினீங்க"ன்னு கேளுங்க. "நாலு மணிக்கு எழுந்து டீ போட்டுக் குடிச்சேன்"னு நான் சொல்லிடுவேன். அதுல பெருமையும் இல்ல, புலம்பலும் இல்ல. எடை ஏறினதுக்குத் திட்டு விழுமோங்கிற பயமும் இல்ல.

மணி சொல்லத் தெரியாதவங்க இருக்காங்க, அவங்ககிட்ட "விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா, மறுநாள் காலைலதானா"ன்னு கேளுங்க.

#11 உளவியல்_மாணவி

கணக்கன் சார், ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிடுமா? தேறும் நேரம் டயாலிசிஸ் நாளைப் பற்றி மட்டும்தான் சொல்லுது. வியாழன் சார் சொன்ன ஞாயித்துக்கிழமை ராத்திரி அதில் வராது. செவ்வாய்க்கிழமை அவர் ராஜாவா இருந்தாரா என்பதும் வராது. உயிர்ப்பைக் கேட்காம விட்டா, நாம நோயை மட்டும் அளந்துட்டு ஆளை விட்டுடுவோம்.

#12 கணக்கன்

ஒப்புக்கொள்கிறேன், அந்தக் குறை உண்மை. அதற்கு உலகளவில் சோங்-எச்.டி. என்ற முயற்சியில் நோயாளிகளும் குடும்பத்தாரும் மருத்துவர்களும் சேர்ந்து பேசி, ஹீமோடயாலிசிஸ் ஆய்வு எல்லாவற்றிலும் அளந்தே ஆக வேண்டிய நாலில் ஒன்றாகக் களைப்பைச் சேர்த்தார்கள். மற்ற மூன்று: இதய நோய், டயாலிசிஸுக்காக ரத்தம் எடுக்கும் ரத்தக்குழாய் வழியின் நிலை, இறப்பு. இறப்புக்குச் சமமாகக் களைப்பை நிறுத்தியதில் நோயாளிகளின் குரல் பெரியது. அதற்கென அவர்கள் உண்டாக்கிய தாளில் மூன்றே கேள்விகள், கடந்த ஒரு வாரத்தைப் பற்றி: களைப்பால் அன்றாடக் காரியங்கள் எவ்வளவு பாதிக்கப்பட்டன, எவ்வளவு களைப்பு, தெம்பு எந்த அளவில். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3.

நீங்கள் கேட்ட உயிர்ப்புக்கு ரையனின் ஏழு கேள்வியை முழுதாகப் போட வேண்டாம். அதில் எதிர்மறையாக எழுதப்பட்ட ஒரு கேள்வி சரியாக ஒட்டவில்லை என்று 2000-இலேயே கண்டு, ஆறு கேள்வி வடிவத்தைப் பரிந்துரைத்தார்கள். 'இல்லை' என்று எழுதிய வாக்கியத்துக்கு 'ஆமாம், இல்லை' என்று பதில் சொல்லும்போது வயதானவர்கள் தடுமாறுவார்கள். களைப்பையும் தெம்பையும் தனித்தனியே, நேராகக் கேட்டாலே போதும்.

#13 தேன்மொழி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நோட்டில் எழுதிக்கொண்டே படித்தேன். இப்போது இப்படி யோசித்திருக்கிறேன்.

வாரத்தின் முதல் டயாலிசிஸ் அன்று, ஊசி போட்டு மெஷின் ஓட ஆரம்பித்து, பி.பி. நிலைத்தபின் கேட்பது. எப்போதும் அதே நாள், அதே நேரம். முதலில் போன தடவை எத்தனை மணிக்குத் தேறினார் என்பது. அடுத்து, போன தடவைக்கும் இன்றைக்கும் நடுவில் நன்றாக இருந்த நாள் எது, அன்று என்ன செய்தார். பிறகு முந்தின இரவு எப்படித் தூங்கினார், எத்தனை தலையணை. கடைசியாகக் கடந்த வாரத்தில் களைப்பு எவ்வளவு, தெம்பு எவ்வளவு, தனித்தனியே. கூட வந்தவர் வெளியே இருப்பார். எடை பார்க்கும் சிஸ்டர் இதைக் கேட்க மாட்டார். எங்கள் யூனிட்டில் இருக்கும் சோஷியல் வொர்க்கர் கேட்பார். இதில் சொல்வதை வைத்துத் தண்ணீர் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

#14 ஊர்_டாக்டர்

நன்றாக இருக்கிறது. தேறும் நேரம் ஒருவருக்குத் தொடர்ந்து நீண்டுகொண்டே போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிரை வெயிட் (தேங்கிய தண்ணீரை எடுத்தபின் இருக்க வேண்டிய எடை) சரியாக இருக்கிறதா, அவர் உண்மையில் எடை போட்டிருக்கிறாரா இளைத்திருக்கிறாரா. மணிக்கு எவ்வளவு தண்ணீர் இழுக்கிறோம். கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் போகிறதா. நடுவில் பி.பி. விழுகிறதா, காலையில் போடும் பி.பி. மாத்திரையை நேரம் மாற்ற வேண்டுமா. ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, ராத்திரி கால் துடிப்பு, அரிப்பு. எதற்கும் பதில் இல்லை என்றால் அவரோடு உட்கார்ந்து பேசுவது. கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் விட்டால் மூன்றாவது மாதம் எல்லாரும் மறுபடி "நல்லா இருக்கேன்" என்பார்கள்.

#15 தேன்மொழி

ஒரு சந்தேகம் பாக்கி. நிர்வாகத்தில் கேள்விப்பட்டதும், யூனிட்டின் சராசரியை மாதாமாதம் போட்டு வரவேற்பறையில் வைக்கலாம் என்கிறார்கள். ஏறிக்கொண்டே போனால் யூனிட்டுக்கு நல்ல பெயர் என்று. செய்யலாமா?

#16 கணக்கன்

வேண்டாம். சராசரி ஏறுவதற்கு நோயாளிகள் தேற வேண்டும் என்ற அவசியமே இல்லை. மிகவும் முடியாதவர்கள் அந்த வாரம் அட்மிஷனில் இருப்பார்கள், அல்லது வரவே முடியாமல் வீட்டில் இருப்பார்கள், அல்லது கேள்வி கேட்கும்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது இறந்திருப்பார்கள். அவர்கள் பதில் தாளில் இராது. மிச்சம் இருப்பவர்களின் சராசரி அழகாக ஏறும். யூனிட் கெடக் கெட எண் நன்றாகும்.

தாள் வெறுமையாக இருந்தால் ஏன் வெறுமை என்று காரணம் எழுதுங்கள்: அட்மிஷன், தூக்கம், சொல்ல விருப்பமில்லை, வரவில்லை, காலமானார். வராதவர் பெயரும் அந்த வாரப் பட்டியலில் இருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் பதில் இல்லாதவரைத்தான் டாக்டர் முதலில் பார்க்க வேண்டும், குறைந்த மதிப்பெண் வாங்கினவரைக்கூட அதற்குப் பிறகு பார்க்கலாம். எண்களை நோயாளியின் ஃபைலுக்குள் வையுங்கள், ஒவ்வொருவருக்கும் அவருடைய கோடு மட்டும். வரவேற்பறைக்கு வேறு ஏதாவது தேடிக்கொள்ளட்டும்.

#17 வன்னிக்காற்று

தேன்மொழி, தாள் முடிஞ்சா எங்களுக்கும் ஒண்டு அனுப்பி வையுங்கோ. நாங்கள் எங்கட பேச்சில மாத்திக் கேட்டுப் பாக்கிறம்.

#18 வியாழன்_ஷிஃப்ட்

சிஸ்டர், எழுத்தைப் பெருசா அச்சடிங்க. மெஷின்ல படுக்கும்போது பாதிப் பேர் கண்ணாடியைக் கழட்டி வெச்சிடுவோம். ஒரு கைல ஊசி இருக்கும், அதனால எங்களை எழுதச் சொல்லாதீங்க, கேட்டு எழுதிக்கோங்க. எழுதினதை ஒரு தடவை எங்களுக்கே வாசிச்சுக் காட்டுங்க. போன மாசம் நான் என்ன சொன்னேன்னு கேட்டா அதையும் காட்டுங்க. அது என் உடம்போட கணக்கு, எனக்கும் தெரியணும்.